கெவின் மூரை எந்தத் தராசில் நிறுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான். சிக்கலான தாளமும் நீண்ட பாட்டுகளும் கொண்ட புரோகிரசிவ் மெட்டல் என்ற ராக் வகையை வாசிக்கும் அமெரிக்க பேண்ட் டிரீம் தியேட்டர். அதன் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பம் உங்களுக்கு மனப்பாடம். அதில் கீபோர்டு வாசித்த கெவின் மூர், பேண்டை விட்டுப் போன பிறகு என்ன செய்தார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு, குரோமா கீ என்ற பெயரில் அவர் 1998-ல் வெளியிட்ட 'டெட் ஏர் ஃபார் ரேடியோஸ்' ஆல்பத்தைப் போட்டிருக்கிறீர்கள். நான்காவது பாட்டோடு நிறுத்திவிட்டீர்கள். சோலோ இல்லை, வேகம் இல்லை, குரலோ பக்கத்து அறையில் யாரோ தனக்குள் பேசிக்கொள்வது போல இருக்கிறது. "பேண்ட்தான் இவரைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, தனியாக வந்ததும் சாயம் வெளுத்துவிட்டது, அப்படித்தானே?" என்கிறீர்கள்.

அப்படி இல்லை என்பதுதான் என் பதில். உங்களுக்கு வந்த ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. தனி ஆவர்த்தனம் கேட்க வந்து உட்கார்ந்தவருக்கு, கடைசி வரை தம்புராவை மட்டும் மீட்டிக் காட்டினால் எப்படி இருக்கும்? முதல் முறை கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அந்த ஆல்பத்தில் குறை என்று எனக்குத் தோன்றியவற்றில் பாதி, அவர் டிரீம் தியேட்டரில் இருந்தபோதே செய்துகொண்டிருந்தவை. நான்தான் அங்கே அவற்றைக் கவனிக்கவில்லை.

பேண்டில் இருந்த ஒருவரைத் தனியாக எடைபோட வேண்டுமென்றால், பேண்டுக்குள்ளேயே எது அவருடையது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். டிரீம் தியேட்டரில் அது லேசான வேலை இல்லை. இசை பெரும்பாலும் எல்லோருடைய பெயரிலும் போடப்பட்டிருக்கும். 'மெட்ரோபோலிஸ்' பாட்டின் நடுவே கிட்டாரும் கீபோர்டும் ஒரே வரியை ஒரே வேகத்தில் கைகோத்து ஓடும் இடம் இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் நம்மில் பலர் மூரை ரசிக்கத் தொடங்கினோம். ஆனால் அது பேண்டின் குணம். மூர் 1994-ல் போனார். அவருக்குப் பின் டெரெக் ஷெரினியன் வந்தார், 1999-ல் ஜோர்டன் ரூடெஸ் வந்தார். அந்த ஓட்டத்தை மூன்று பேருமே வாசித்தார்கள். ரூடெஸ் வாசிக்கும்போது இன்னும் துப்புரவாகவே இருக்கிறது. அப்படியானால் அந்த ஓட்டத்தை மட்டும் வைத்து மூரின் திறமையை அளப்பது சரியாக வராது.

பாடல் வரிகளுக்குத் தனித்தனியாகப் பெயர் போட்டார்கள் என்பது நமக்கு ஒரு வசதி. பேண்டை எம்டிவி வரைக்கும் கொண்டுபோன 'புல் மீ அண்டர்' பாட்டின் வரிகள் மூருடையவை. ஹாம்லெட்டை மனதில் வைத்து எழுதியது. 'சரவுண்டட்', 'லை', 'சிக்ஸ் ஓ க்ளாக்' ஆகியவற்றின் வரிகளும் அவருடையவையே. ஆனால் வரி, இசை இரண்டையும் அவர் ஒருவரே எழுதிய பாட்டுகள் அவர் இருந்தபோது வந்த இரண்டு பெரிய ஆல்பங்களிலும் தலா ஒன்றுதான் இருக்கின்றன. 1992-ன் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' ஆல்பத்தில் 'வெயிட் ஃபார் ஸ்லீப்'. 1994-ன் 'அவேக்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்'. மூரை அளக்கும் தராசு இந்த இரண்டும்தான்.

'வெயிட் ஃபார் ஸ்லீப்' மொத்தமே இரண்டரை நிமிடம். டிரம்ஸ் கிடையாது. ஒரு பியானோ, பின்னால் மெல்லிய சிந்தசைசர் விரிப்பு, பேண்டின் பாடகர் ஜேம்ஸ் லாப்ரியின் குரல், அவ்வளவுதான். நான் வீட்டில் கீபோர்டில் அந்தப் பியானோ இழையை வாசித்துப் பழகியிருக்கிறேன். ஒரே நாளில் விரல் வழிக்கு வந்துவிட்டது. எண்ணிக்கை பிடிபட ஒரு வாரம் ஆனது. நான்கு நான்காக எண்ணினால் காலை வாரிவிடும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இழை நீங்கள் எதிர்பார்க்கும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிப்போய் விழும். ஆனால் கேட்பவருக்கு அது கணக்காகவே தெரியாது. தூக்கம் வராமல் புரண்டு படுப்பவரின் மூச்சு போலத்தான் இருக்கும். புரோகிரசிவ் ராக்கின் தாளக் கணக்கு இங்கேயும் இருக்கிறது, ஆனால் அதைக் காட்டிக்கொள்வதில் அவருக்கு அக்கறை இல்லை. அடுத்து வரும் 'லேர்னிங் டு லிவ்' பாட்டின் பின்பகுதியில் இதே இழை திரும்பி வருவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே பேண்ட் முழுவதும் சேர்ந்துகொள்வதால் அதே ஸ்வரங்கள் வெற்றி முழக்கம் போல ஒலிக்கின்றன. ஒரே கற்பனையை மூர் எப்படி வைத்திருந்தார், பேண்ட் எப்படி வைத்துக்கொண்டது என்பதை இந்த இரண்டு இடங்களையும் அடுத்தடுத்துக் கேட்டாலே புரிந்துகொள்ளலாம்.

'ஸ்பேஸ்-டை வெஸ்ட்' இன்னும் நேரடியான ஆதாரம். துணிக் கடைப் பட்டியல் ஒன்றில் பார்த்த மாடல் பெண்ணின் படத்தின் மீது வந்த மயக்கத்திலிருந்து பிறந்த பாட்டு அது. ஏழு நிமிடத்துக்கு மேல் போகும். மெதுவான பியானோ, திரைப்பட உரையாடல் துணுக்குகள், வேறெங்கும் இல்லாத அளவுக்குத் தாழ்ந்து ஒலிக்கும் லாப்ரியின் குரல். பாதிக்கு மேல் போன பிறகே பேண்ட் முழுதாக உள்ளே வருகிறது. வந்த பிறகும் யாரும் சோலோ வாசிப்பதில்லை. எல்லோரும் சேர்ந்து அந்தப் பியானோவின் சுமையைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடித்துவிட்டு விலகிக்கொள்கிறார்கள். மூர் விலகப்போவது முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பாட்டை ஆல்பத்தில் சேர்த்திருக்க மாட்டோம் என்று டிரம்மர் மைக் போர்ட்னாய் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அது இன்னொருவருடைய பாட்டு என்று பேண்டுக்கே தெரிந்திருக்கிறது. 2014-ல் நடந்த கச்சேரிப் பயணத்தில்தான் அவர்கள் அதை முதன்முறையாக மேடையில் வாசித்தார்கள். ஆல்பம் வந்து 20 ஆண்டு கழித்து.

இப்போது 'டெட் ஏர் ஃபார் ரேடியோஸ்' ஆல்பத்தை 'மெட்ரோபோலிஸ்' பாட்டின் தொடர்ச்சியாக நினைக்காமல், 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்' முடிந்த இடத்திலிருந்து தொடங்குவதாக நினைத்துக் கேட்டுப் பாருங்கள். நடுவில் இருப்பது நான்கு ஆண்டு இடைவெளி மட்டும்தான். அதே தாழ்ந்த குரல், ஆனால் இப்போது பாடுவது மூரே. அதே பேச்சுத் துணுக்குகள். அதே மாதிரி ஒரு சின்ன இழையைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு, அதன் மேல் ஒவ்வொன்றாக எதையோ வைத்து, அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகும் முறை.

வாசிக்கத் தெரிந்த ஆட்கள் கிடைக்காததால் இப்படி எளிமையாகப் போய்விட்டார் என்று சொல்ல முடியாது. இந்த ஆல்பத்தில் டிரம்ஸ் மார்க் சோண்டர், பேஸ் கிட்டார் ஜோயி வேரா. ஃபேட்ஸ் வார்னிங் பேண்டின் 'எ பிளெசண்ட் ஷேட் ஆஃப் கிரே' ஆல்பத்தில் வாசித்த அதே ஜோடி. 1997-ல் வந்த அந்த ஆல்பம் முழுவதும் பன்னிரண்டு பகுதிகளாகப் பிரித்த ஒரே பாட்டு. அதில் விருந்தாளியாகக் கீபோர்டு வாசித்ததும் மூர்தான். சோண்டர் எவ்வளவு சிக்கலான தாளத்தையும் சர்வ சாதாரணமாக வாசிக்கக்கூடியவர். மூர் நினைத்திருந்தால் அவரை வைத்துக்கொண்டு இன்னொரு 'மெட்ரோபோலிஸ்' செய்திருக்கலாம். அவர் செய்யவில்லை. சோண்டர் வாசிப்பதையும் கவனியுங்கள். கை துறுதுறுவென்று இருக்கும் ஒரு டிரம்மர், பாட்டுக்காக அடக்கி வாசிப்பது கேட்கும். அந்த அடக்கத்தில் ஒரு இறுக்கம் இருக்கிறது. நல்ல ஹெட்போனில் கேட்டால் தெரியும். போன் ஸ்பீக்கரில் கேட்டால் வெறும் மந்தமாகத்தான் இருக்கும். நீங்கள் எதில் கேட்டீர்கள் என்று எழுதவில்லை, அதனால் சொல்கிறேன்.

நிறைய கற்ற ஒருவர் அதையெல்லாம் ஒதுக்கிவைப்பது, ஒன்றும் தெரியாதவர் எளிமையாக வாசிப்பதிலிருந்து வேறுபட்டது. 'ஆன் தி பேஜ்' பாட்டில் அவர் மெதுவாகத்தான் வாசிக்கிறார். ஆனால் சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு ஸ்வரக் கூட்டிலும் (கார்ட்) எந்த ஸ்வரம் இருக்க வேண்டும் என்பதோடு, எதை விட வேண்டும் என்பதும் தீர்மானமாகத் தெரிகிறது. இந்தத் தீர்மானம் வர, முன்பு அவ்வளவு வாசித்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

எல்லாக் கீபோர்டு கலைஞர்களுக்கும் இதே தராசைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். ரிக் வேக்மன் 1973-ல் எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவிகளைப் பற்றி ஒரு ஆல்பம் வெளியிட்டார். அப்போது அவர் யெஸ் பேண்டில்தான் இருந்தார். பில் புரூஃபர்ட், கிறிஸ் ஸ்குவயர், ஸ்டீவ் ஹவ், ஆலன் வைட் என்று யெஸ் ஆட்களே அதில் வாசித்தார்கள். அடுத்த ஆண்டு லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஆர்கெஸ்ட்ராவையும் பாடகர் குழுவையும் கூட்டிவைத்து, பூமியின் மையத்துக்குப் போகும் பயணத்தை இசையாக்கினார். அதற்கடுத்த ஆண்டு ஆர்தர் மன்னர் கதையை வெம்ப்ளியில் பனிச்சறுக்கு ஆட்டத்தோடு மேடையேற்றினார். அவர் பேண்டில் தேடிய பிரம்மாண்டத்தைத்தான் தனியாகவும் தேடினார். அதனால் வேக்மனின் தனி ஆல்பங்களை யெஸ்ஸோடு வைத்து ஒப்பிடுவது நியாயம். அதில் யெஸ் ஜெயிக்கும் இடமும் உண்டு, அவர் ஜெயிக்கும் இடமும் உண்டு. மூர் திசையையே மாற்றிக்கொண்டவர். மதுரைக்குப் போகிறவரைப் பார்த்து, இன்னும் திருப்பதி வந்து சேரவில்லையே என்று கேட்கக் கூடாது.

மூருக்குக் கொஞ்சம் நெருக்கமானவர் பிங்க் ஃபிலாய்டின் ரிச்சர்ட் ரைட். 1996-ல் வந்த அவருடைய 'புரோக்கன் சைனா' மனச்சோர்வைப் பற்றிய ஆல்பம். வேகமோ வித்தையோ இல்லாமல், ஒலியின் நிறத்தை வைத்தே நடக்கும். ஆனால் ரைட் பிங்க் ஃபிலாய்டிலேயே அப்படி வாசித்தவர்தான். ஆகவே ரசிகர்களுக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. மூர் விஷயத்தில் நமக்கு வந்த அதிர்ச்சிக்குக் காரணம், டிரீம் தியேட்டர் என்ற அந்தப் பெரிய சத்தத்துக்குள் அவர் ஏற்கெனவே அமைதியாக இருந்தது நம் காதில் விழவில்லை என்பதுதான்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஓஎஸ்ஐ பேண்டின் முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். 2003-ல் வந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தொடங்கி, சில மாதங்களிலேயே மூடிய 'ஆஃபீஸ் ஆஃப் ஸ்ட்ராட்டஜிக் இன்ஃப்ளுயன்ஸ்' என்ற அலுவலகத்தின் பெயரைச் சுருக்கித்தான் பேண்டுக்கு வைத்தார்கள். ஃபேட்ஸ் வார்னிங் கிட்டாரிஸ்ட் ஜிம் மேத்தியோஸும் மூரும் சேர்ந்து செய்தது. டிரம்ஸ் யார் தெரியுமா? மைக் போர்ட்னாய். பிரிந்து போய் எட்டொன்பது ஆண்டுக்குப் பிறகு இருவரும் ஒரே ஆல்பத்தில். இது முதலில் முழுக்க முழுக்க புரோகிரசிவ் மெட்டல் ஆல்பமாகத்தான் திட்டமிடப்பட்டது. பெயின் ஆஃப் சால்வேஷன் பாடகர் டேனியல் கில்டன்லோ பாடுவதாக இருந்தது. மூர் உள்ளே வந்ததும் கதை மாறியது. மேத்தியோஸின் கனமான ரிஃப்களை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகளை) வெட்டினார், சுழலவிட்டார், நடுநடுவே எலக்ட்ரானிக் தாளத்தையும் செய்திக் குரல்களையும் நுழைத்தார், பாடுவதையும் தானே எடுத்துக்கொண்டார். பத்து நிமிடம் போகும் 'ஷட் டவுன்' பாட்டில் மட்டும் போர்க்குபைன் ட்ரீ பேண்டின் ஸ்டீவன் வில்சன் பாடுகிறார்.

இது மூருக்கு வைத்த பரீட்சை போல அமைந்துவிட்டது. புரோகிரசிவ் மெட்டலின் கச்சாப் பொருள் அத்தனையும் மேசை மேல் இருக்கிறது, பழைய டிரம்மரும் இருக்கிறார். அப்போதும் அவர் கூட்டவில்லை, குறைத்தார். போர்ட்னாய்க்கு அது முழுத் திருப்தியாக இல்லை. அவர் எதிர்பார்த்தது வேறு. ஆனால் ஆல்பம் நிற்கிறது. கனமான ரிஃப் ஒன்று பாய்ந்து வரும், சட்டென்று அறுந்துபோகும், மூர் உணர்ச்சியே காட்டாமல் இரண்டு வரி பாடுவார், ரிஃப் மறுபடியும் வரும். போர்க்காலச் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்து மரத்துப்போன மனதுக்கு இதைவிடப் பொருத்தமான குரல் இருக்க முடியாது. அதே வரிகளை உச்ச ஸ்தாயியில் உருக்கமாகப் பாடியிருந்தால் கெட்டுப் போயிருக்கும்.

சரி, எல்லாமே நன்றாக இருக்கிறதா? இல்லை. வேறு தராசு வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகிவிடக் கூடாது. அவருடைய சொந்தத் தராசில் நிறுத்தாலும் சில இடங்கள் இளைத்துத்தான் இருக்கின்றன.

2000-ல் வந்த 'யூ கோ நௌ' எனக்குப் பாதி ஆல்பம்தான். விண்வெளி வீரர்களின் குரல் துணுக்குகளும் தனிமையும் சேரும் இடம் அழகு. கடைசிப் பாட்டு 'அஸ்ட்ரனாட் டவுன்' மனதை விட்டுப் போகாது. ஆனால் நடுவில் சில பாட்டுகள், நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கி வைத்ததை அப்படியே கொடுத்தது போல இருக்கின்றன. முதல் ஆல்பத்தில் சோண்டரின் டிரம்ஸ் கொடுத்த அந்த உள் இறுக்கம் இங்கே இல்லை. தாளம் மெஷின் போல ஓடும்போது, மூரின் அடங்கிய குரலோடு மோதுவதற்கு எதிரில் ஒன்றுமே இல்லாமல் போகிறது. குரலும் ஒரு வரம்புக்குள்தான் அசைகிறது. ஒரு ஆல்பத்துக்கு அது சரியாக இருக்கும், அடுத்தடுத்து நான்கு ஆல்பம் கேட்டால் அலுக்கும். பிந்தைய ஓஎஸ்ஐ ஆல்பங்களிலும் அந்த 'ரிஃப், வெட்டு, முணுமுணுப்பு' வாய்பாடு தெரிந்துபோகிறது. 2009-ன் 'பிளட்' ஆல்பத்தில் கேவின் ஹாரிசன் டிரம்ஸ் வாசித்திருப்பது அதைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது.

2004-ல் வந்த 'கிரேவ்யார்ட் மவுண்டன் ஹோம்' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இதற்கு முன் மூர் கோஸ்டா ரிகாவுக்குப் போய், அங்கே உலக அமைதிக்காக இயங்கிய ஒரு வானொலி நிலையத்தில் நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தார். வானொலி அவரை விடவே இல்லை. முதல் ஆல்பத்தின் பெயரிலேயே வானொலி இருக்கிறதே! இந்த ஆல்பத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது 1955-ல் வந்த 'ஏஜ் 13' என்ற பழைய குறும்படம். தாயை இழந்த ஒரு பையனின் கதை. அந்தப் படத்தைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, அதற்கு மேல் புதிதாக இசை அமைத்தார். படத்தின் குரல்களும் பாட்டுக்குள் மிதந்து வருகின்றன. மெதுவாக்கப்பட்ட படத்தில் அந்தப் பையன் திரும்பிப் பார்ப்பதற்கே அவ்வளவு நேரம் ஆகிறது. துக்க வீட்டில் நேரம் அப்படித்தான் நகரும். படம் இல்லாமல் வெறும் பாட்டாகக் கேட்டால் சில இடங்கள் தொங்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் முழுதாகத் தன்னைக் கண்டுகொண்ட இடம் இதுதான் என்பது என் எண்ணம். அதே காலத்தில் துருக்கிய இயக்குநர்களான டைலன் சகோதரர்களின் 'ஒக்குல்' படத்துக்கு அவர் இசையமைத்ததும் தற்செயல் இல்லை. படத்துக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் இந்த இசைக்கு இடம் கிடைக்கிறது.

உங்கள் கேள்வியின் மறுபக்கத்தையும் சிலர் அடிக்கடி சொல்வார்கள். மூர் போனதும் டிரீம் தியேட்டரின் உயிரே போய்விட்டது, அப்புறம் வந்ததெல்லாம் விரல் வித்தை என்று. எனக்கு மூரை அவ்வளவு பிடித்திருந்தும் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ரூடெஸ் சேர்ந்து 1999-ல் வந்த 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி' ஆல்பத்தைக் கேட்டவர் யாரும் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். மூரை உயர்த்துவதற்காகப் பேண்டைத் தாழ்த்துவதும், பேண்டை உயர்த்துவதற்காக மூரைத் தாழ்த்துவதும் ஒன்றுதான். இரண்டிலுமே அவருடைய ஆல்பத்தை யாரும் கேட்பதில்லை.

பேண்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது என்ன என்பதையும் மறந்துவிடக் கூடாது. 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்' இவ்வளவு ஆழமாகத் தைப்பதற்கு, அதற்கு முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பேண்ட் இடி மின்னலாக வாசித்திருப்பதும் ஒரு காரணம். அந்தச் சத்தத்துக்குப் பிறகு வரும் அமைதி என்பதால்தான் அது அமைதியாகக் கேட்கிறது. குரோமா கீயில் அந்தச் சத்தம் முன்னால் இல்லை. எதிர்நிலையை அவர் ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் தானே உண்டாக்க வேண்டியிருந்தது. முதல் ஆல்பத்தில் அது கைகூடியது, இரண்டாவதில் பாதி கைகூடியது.

மறுபடியும் முயன்று பார்க்க விருப்பம் இருந்தால், இரவில் ஹெட்போன் போட்டுக்கொண்டு, முதலில் 'வெயிட் ஃபார் ஸ்லீப்' கேளுங்கள். அடுத்து 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்'. அது முடிந்ததும் வேறு எதையும் போடாமல் நேராக 'ஆன் தி பேஜ்'. அப்புறம்தான் 'டெட் ஏர் ஃபார் ரேடியோஸ்' ஆல்பத்தை முதல் பாட்டு 'கலர்பிளைண்ட்' தொடங்கி ஒரே மூச்சில் கேளுங்கள். போன முறை நான்காவது பாட்டில் நிறுத்தினீர்கள் அல்லவா, அது 'அமெரிக்கா தி வீடியோ'. இந்த முறை அங்கே சோண்டரின் கைகளை மட்டும் கவனித்துக்கொண்டே கடந்து போய்விடுங்கள். அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான், நான் வற்புறுத்த மாட்டேன். பிடித்துவிட்டால் அடுத்து ஓஎஸ்ஐயின் முதல் ஆல்பம். 'கிரேவ்யார்ட் மவுண்டன் ஹோம்' ஆல்பத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டு, அதை மட்டும் படத்தோடு சேர்த்தே பாருங்கள்.